ஸ்டிங்க், ஸ்டென்ச், ஸ்மெல்: புகார்க் கடிதத்தில் எதை எழுதுவது?

அரைப்புள்ளி:
எங்கள் அடுக்குமாடியில் மூன்று வாரமாகப் படிக்கட்டுப் பக்கம் சாக்கடை நாற்றம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுவார், இப்போது நிற்கவும் முடியவில்லை, மூச்சை இழுக்கவும் முடியவில்லை. பராமரிப்பு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். "அன்பேரபிள் ஸ்டிங்க்" என்று எழுதினேன். அனுப்பும் முன் கூட வேலை பார்ப்பவரிடம் காட்டினால், ஸ்டிங்க் கொச்சையான சொல், கடிதத்தில் வரக் கூடாது என்று அதை அடித்துவிட்டு "அன்ப்ளெசன்ட் ஓடர்" என்று திருத்திக் கொடுத்தார். திருத்தியதைப் படித்தால் எங்கோ லேசாக ஏதோ வாடை அடித்த மாதிரி இருக்கிறது. எங்கள் மூன்று வாரம் அதில் இல்லை.

என் கேள்வி: ஸ்டிங்க் உண்மையிலேயே கெட்ட வார்த்தையா? ஸ்டென்ச் என்று போட்டால் சரியாகிவிடுமா, இரண்டும் ஒன்றுதானா? அகராதியைத் திறந்தால் எல்லாவற்றுக்கும் "துர்நாற்றம்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதை வைத்துக்கொண்டு எதைத் தேர்ந்தெடுப்பது என்று புரியவில்லை.

பழுப்புத்தாள்:
கெட்ட வார்த்தை இல்லை. பேச்சு வார்த்தை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஆட்கள் பலர் பார்ப்பதே இல்லை, பள்ளியில் ஆங்கிலத்தை மேசைக்கு மேலே வைத்துப் படித்தோம், தரையில் வைத்துப் பேசவில்லை, அதனால் கொஞ்சம் உரக்க ஒலிக்கிற சொல் எல்லாமே கொச்சை என்று பயம். ஸ்டிங்க் பைபிளிலேயே இருக்கிற சொல்.

வேறுபாடு இப்படித்தான் எனக்குப் படுகிறது. ஸ்மெல் என்பது வெறும் வாசனை, நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது. ஆனால் ஒரு விஷயம்: பக்கத்தில் அடைமொழி எதுவும் போடாமல் "யூ ஸ்மெல்" என்று ஒருவரிடம் சொன்னால் அது திட்டு. பூ என்றால் கூட "இட் ஸ்மெல்ஸ் நைஸ்" என்று நைஸ் போட்டால்தான் பாராட்டு. ஓடர் என்பது ஆய்வகத்துச் சொல், அலுவலகச் சொல், கையுறை மாட்டிக்கொண்டு தொடுகிற மாதிரி. அதில் மூக்கே இருக்காது. உங்கள் நண்பர் செய்தது தவறில்லை, ஆனால் உங்கள் கடிதத்திலிருந்து மூக்கை எடுத்துவிட்டார்.

ஸ்டிங்க் பெயர்ச்சொல்லாகவும் வரும், வினையாகவும் வரும். ஸ்டென்ச் இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் மட்டும். "திஸ் ரூம் ஸ்டென்ச்சஸ்" என்று நம் ஆட்கள் எழுதிப் பார்த்திருக்கிறேன், யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஸ்டென்ச் கனமான சொல். செய்தித்தாள் தயங்காமல் போடும், நீதிமன்றத் தீர்ப்பில் கூட வரும். செத்த பிராணி, திறந்த சாக்கடை, வெள்ளம் வடிந்த பிறகு கிடக்கிற சேறு, இதற்கெல்லாம் ஸ்டென்ச். கழற்றிப் போட்ட காலுறைக்கு ஸ்டிங்க் போதும், அதற்கு ஸ்டென்ச் என்றால் பெரிதாக்கிப் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

உங்கள் கடிதத்துக்கு நான் ஸ்டென்ச் போடுவேன். கொச்சை என்று யாரும் சொல்ல முடியாது, வலியும் குறையாது.

கூழாங்கல்:
ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் எழுதும்போது ஸ்டிங்க், ஸ்டிங் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிறது. முதலாவது நாற்றம், இரண்டாவது தேள் கொட்டுவது. இறந்தகாலத்தில் ஸ்டேங்க், ஸ்டங்க் என்று போகும் நாற்றம். ஸ்டங் என்று போகும் கொட்டு. என் மாணவன் ஒருவன் "ஐ வாஸ் ஸ்டங்க் பை அ பீ" என்று பரீட்சையில் எழுதிவிட்டான். கடைசியில் அந்தக் க் ஒலியை அழுத்திச் சொல்லிப் பழக வேண்டும், வேறு வழியில்லை. "தி ரூம் ஸ்டேங்க்" என்பதுதான் முறையான இறந்தகாலம், அமெரிக்கர்கள் பலர் அங்கேயும் ஸ்டங்க் என்றே சொல்கிறார்கள்.

நாற்றங்கால்:
இந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, ஏனென்றால் ஆங்கில ஸ்டிங்க்குக்கும் நம் நாற்றத்துக்கும் நடந்த கதை ஒன்றேதான்.

பழைய ஆங்கிலத்தில் ஸ்டின்கன் என்ற வினைக்கு மணம் வீசுதல் என்றுதான் பொருள். நல்ல மணமும் அதுவே, கெட்ட மணமும் அதுவே. இனிமையாக ஸ்டிங்க் செய்கிறது என்று பூவைப் பற்றி எழுதலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஸ்டெங்க் என்ற பெயர்ச்சொல்லும் அப்படித்தான், அதுதான் பிறகு ஸ்டென்ச் ஆனது (ட்ரிங்க், ட்ரென்ச் என்ற ஜோடியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே ஒலி மாற்றம்). ஸ்மெல் என்ற சொல் அப்போது எழுத்தில் கிடையாது, 12-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் தலைகாட்டுகிறது. அது வந்து பொதுவான இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சிலிருந்து ஓடரும் சென்ட்டும் வந்து நல்ல இடங்களைப் பிடித்துக்கொண்டன. ஸ்டிங்க்குக்கு மிச்சம் கிடைத்தது சாக்கடைப் பக்கம்.

இப்போது நம் பக்கம் வாருங்கள். "சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின்" என்று 27-ஆம் குறள். அங்கே நாற்றம் என்பது மூக்கால் அறிவது, அவ்வளவுதான், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. 1274-இல் "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்று வருகிறது, மொட்டுக்குள் அடங்கியிருக்கிற நறுமணம். 650-இல் கொத்தாகப் பூத்தும் மணக்காத பூவை "நாறா மலர்" என்கிறார், அங்கே நாறாமல் இருப்பதுதான் குறை! "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் சங்கைக் கேட்டதும் அந்தக் கணக்கில்தான். நாறும்பூநாதன் என்று இன்றும் பெயர் வைக்கிறார்கள்.

இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நாறுதல் என்பதற்கு முளைத்தல், தோன்றுதல் என்றும் பொருள் உண்டு. நாற்று அதிலிருந்து வந்ததுதான், நான் வைத்திருக்கிற பெயரும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் எக்ஸிடர் கையெழுத்துப் பிரதியில் உள்ள ஒரு விடுகதைப் பாட்டில், தூசி வானத்தை நோக்கி எழுந்தது என்று சொல்ல இதே ஸ்டின்கனின் இறந்தகால வடிவம் வருகிறது. தூசி ஸ்டோங்க். அது வேறு வேர் என்று பிரிப்பவர்களும் உண்டு. எனக்கு என்னவோ கிளம்புவது, எழுவது, வெளியே வருவது, மணப்பது எல்லாம் ஒரே அசைவாகத்தான் படுகிறது. மணம் என்பது ஒரு பொருளிலிருந்து கிளம்பி வருவதுதானே.

ஈரச்செங்கல்:
அருமையான செய்திதான், ஆனால் அரைப்புள்ளிக்கு இதனால் என்ன பயன்? இன்று ஒரு பெண்ணிடம் "உன் கூந்தல் நாறுகிறது" என்று சொல்லிவிட்டு ஆண்டாளைத் துணைக்கு அழைக்க முடியுமா? ஒரு சொல் இன்று எப்படிப் புழங்குகிறதோ அதுதான் அதன் பொருள். பழைய பொருளைத் தோண்டி எடுத்து வைத்துக்கொண்டு, நாற்றம் என்றால் நறுமணம்தான், நீங்கள்தான் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று சண்டைக்கு வருகிறவர்களைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

நாற்றங்கால்:
அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. இன்று நாற்றம் என்றால் கெட்ட வாசம்தான், முடிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு.

துர்நாற்றம் என்ற சொல்லைப் பாருங்கள். நாற்றமே கெட்டது என்றால் அதற்கு முன்னால் துர் எதற்கு? நாற்றம் பொதுவாக இருந்த காலத்தில் பிரித்துக் காட்டத் தேவைப்பட்ட ஒட்டு அது. நறுநாற்றம் ஒரு பக்கம், துர்நாற்றம் ஒரு பக்கம். பிறகு நாற்றமே கெட்டுப்போன பின்னும் துர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஃபௌல் ஸ்டென்ச்" என்று எழுதுவதும் அப்படித்தான், ஒரு காலத்தில் அந்த அடைமொழிக்கு வேலை இருந்தது. அரைப்புள்ளி அகராதியில் பார்த்த துர்நாற்றம் ஏன் சப்பென்று இருக்கிறது என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது: அது ஓடர் இருக்கிற தட்டில் இருக்கிற சொல். வீட்டில் யாராவது "துர்நாற்றம் வீசுகிறது" என்று கத்துவார்களா? "நாறுது" என்போம், அல்லது "குடலைப் பிடுங்குது" என்போம். ஸ்டிங்க் என்ற வினைக்குச் சரியான ஜோடி நாறுது. ஸ்டென்ச்சுக்கு ஜோடி வீச்சம், முடைநாற்றம். அகராதி இதைச் சொல்வதில்லை.

அப்புறம் இந்த வழுக்கல் நிற்கவே இல்லை. வாடை என்று மென்மையாகச் சொல்ல ஆரம்பித்தோம், இப்போது "ஒரு மாதிரி வாடை" என்றாலே கெட்டதுதான். ஆங்கிலத்திலிருந்து ஸ்மெல்லைக் கடன் வாங்கினோம், பேச்சுத் தமிழில் "ஒரே ஸ்மெல்லு" என்றால் அதற்கு நல்ல அர்த்தமே கிடையாது. அங்கே பொதுச்சொல்லாக இருப்பது நம்மிடம் வந்து ஒரு தலைமுறைக்குள் கெட்டுவிட்டது.

பம்ப்ரூம்:
நான் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினாறு வருடமாக இருக்கிறேன், மொழி தெரியாது, நாற்றம் தெரியும்.

முதலில் ஸ்டென்ச் கொச்சையா என்ற கேள்விக்கு. எங்கள் தொழிலில் அது உபகரணத்தின் பெயர். கைகழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்த குழாய் இருக்குமே, தண்ணீர் தேங்கி நின்று கீழிருந்து வாயு ஏறாமல் தடுக்கும், அதைப் பழைய நூல்களில் ஸ்டென்ச் ட்ராப் என்றே எழுதியிருப்பார்கள். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கிய கழிப்பறையில் இருந்த எஸ் வடிவ வளைவுதான் அந்தக் குடும்பத்தின் மூத்தது. சாக்கடை வாயு உயரத்தில் போய் வெளியேறுவதற்காக லண்டன் தெருக்களில் நட்டு வைத்த இரும்புக் கம்பங்களுக்கு ஸ்டிங்க் பைப், ஸ்டென்ச் பைப் என்று பெயர், இன்றும் நிறைய நிற்கின்றன. நிலத்தடிச் சுரங்கங்களில் தீப்பிடித்தால் தொழிலாளர்களை எச்சரிக்கக் காற்றோட்டக் குழாயில் நாற்றமடிக்கும் வாயுவைக் கலந்து விடுவார்கள், அதற்கு ஸ்டென்ச் கேஸ் என்றே பெயர். இயந்திரச் சத்தத்தில் சங்கு கேட்காது, மூக்குக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதில் இருப்பது எத்தில் மெர்காப்டன், சமையல் எரிவாயுவில் கலப்பதும் அந்த வகைதான். எரிவாயுவுக்குத் தானாக மணம் கிடையாது. 1937 மார்ச்சில் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அடியில் மணமில்லாத இயற்கை எரிவாயு கசிந்து தேங்கி வெடித்து ஏறக்குறைய 300 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்றத்தைக் கலப்பது கட்டாயமாகப் பரவியது. ஸ்டென்ச் என்ற சொல்லை நான் அந்த மரியாதையோடுதான் பார்ப்பேன்.

இரண்டாவது, நாங்கள் பதிவேட்டில் ஸ்டிங்க்கும் எழுத மாட்டோம் ஸ்டென்ச்சும் எழுத மாட்டோம். என்ன மாதிரி நாற்றம் என்று எழுதுவோம். அழுகிய முட்டையா, அழுகிய முட்டைக்கோஸா, அம்மோனியாவா, எண்ணெய் காறலா. அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது ரொம்ப மோசமானது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும், ஆனால் 100 பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் திரும்பி வர மாட்டான். பழைய சுரங்கத் தொழிலாளிகள் அதை ஸ்டிங்க்டேம்ப் என்றார்கள். டேம்ப் என்றால் அங்கே ஈரம் இல்லை, ஆவி.

மூன்றாவது, அரைப்புள்ளி, உங்கள் படிக்கட்டுக்கு அடியில் யாரும் புழங்காத தரைவடிகால் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பல நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் வளைவில் இருக்கும் தண்ணீர் காய்ந்துபோகும், வாயு நேராக மேலே ஏறும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஆனால் ஆள் நுழைகிற தொட்டி மூடியை நீங்கள் திறக்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். அது கடிதத்தில் தீர்க்க வேண்டிய வேலை.

அரைப்புள்ளி:
பம்ப்ரூம் அண்ணா, படிக்கட்டுக்கு அடியில் பழைய பொருட்கள் போடுகிற ஒரு மூலை இருக்கிறது, அங்கே ஒரு சல்லடை மூடி பார்த்த ஞாபகம். நாளைக் காலை முதல் வேலை அதுதான். நாற்றம் அழுகிய முட்டை மாதிரிதான், காலையில் அதிகம், மத்தியானம் குறைவு.

கூழாங்கல்:
அப்படியே உருவகமாக வருவதையும் யாராவது விளக்கினால் நல்லது. மேலதிகாரி ஒருவர் "திஸ் டீல் ஸ்டிங்க்ஸ்" என்றார். தோழி ஒருத்தி நான் வேலை கிடைக்கவில்லை என்றபோது "தட் ஸ்டிங்க்ஸ்" என்றாள். இரண்டாவதைக் கேட்டு முதலில் கோபம் வந்தது, என்னைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பழுப்புத்தாள்:
உங்கள் தோழி ஆறுதல்தான் சொன்னார். "அடப்பாவமே, இது நியாயமே இல்லை" என்கிற இடம் அது. நடந்தது நாறுகிறது, நீங்கள் இல்லை.

டீல் விஷயத்தில் பொருள் வேறு: உள்ளே ஏதோ ஊழல் இருக்கிறது, நேர்மையில்லை. மீன் வாடை அடிக்கிறது என்ற பொருளில் "ஃபிஷி" என்று சொல்வார்களே, அது சந்தேகம், மென்மையானது. ஸ்டிங்க்ஸ் என்றால் சந்தேகம் தாண்டிவிட்டது. "ஐ ஸ்டிங்க் அட் மேத்ஸ்" என்றால் எனக்குக் கணக்கு சுத்தமாக வராது. "ரெய்ஸ் அ ஸ்டிங்க்", "கிக் அப் அ ஸ்டிங்க்" என்றால் புகார் சொல்லி ஊரைக் கூட்டுவது, அரைப்புள்ளி இப்போது செய்யப் போவது. பிரிட்டன்காரர்கள் கடும் ஜலதோஷத்தை "ஸ்டிங்கிங் கோல்ட்" என்பார்கள், அங்கே நாற்றம் எதுவும் இல்லை, வெறும் அழுத்தம். ஸ்டிங்கிங் ரிச் என்பதும் அப்படியே, ஆனால் அதில் கொஞ்சம் வெறுப்பும் உண்டு. காரசாரமாக எழுதிய கடிதத்துக்கு ஸ்டிங்கர் என்று பெயர், நம் அலுவலகங்களில் "அவருக்கு ஒரு ஸ்டிங்கர் அனுப்பிட்டேன்" என்று இன்றும் கேட்கலாம்.

இங்கேதான் தமிழ் நாற்றமும் ஆங்கில ஸ்டிங்க்கும் பிரிகின்றன, கவனியுங்கள். நாம் "பேர் நாறிப்போச்சு", "குடும்பத்தையே நாறடிச்சுட்டான்" என்கிறோம். விஷயம் வெளியே தெரிந்துவிட்டது, நாலு பேர் மூக்குக்குப் போய்விட்டது என்பதுதான் அதன் மையம். மூடி வைத்திருந்த வரைக்கும் நாறவில்லை. ஆங்கிலத்தில் யாருக்கும் தெரியாவிட்டாலும் அந்த டீல் நாறும், ஏனென்றால் அது உள்ளே அழுகியிருக்கிறது. நம்முடையது மானத்தைப் பற்றிய சொல், அவர்களுடையது தரத்தையும் நேர்மையையும் பற்றிய சொல். அதனால் "மானம் நாறிப்போச்சு" என்பதை ஸ்டிங்க் வைத்து மொழிபெயர்க்க முயற்சி செய்யாதீர்கள், வராது.

ஸ்டென்ச்சின் உருவகம் ஒரே வழியில்தான் போகும்: "தி ஸ்டென்ச் ஆஃப் கரப்ஷன்" மாதிரி. அதில் விளையாட்டு கிடையாது.

வரிக்குவரி:
வசன வரிகள் மொழிபெயர்க்கிறேன், இந்தச் சொல்லோடு பலமுறை மல்லுக்கட்டியிருக்கிறேன், அதனால் ஒரு பழைய உதாரணம் தருகிறேன். யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரம் 39-ஆம் வசனம், லாசரு இறந்து நாலு நாள் ஆகிவிட்டது, கல்லறைக் கல்லை எடுங்கள் என்று இயேசு சொன்னதும் மார்த்தாள் தடுக்கிறாள். 1611-இன் கிங் ஜேம்ஸ் பதிப்பில் "ஹி ஸ்டிங்கெத்". நம் பழைய தமிழ் பைபிளில் "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே". அந்த ஏகாரத்தைக் கேளுங்கள், செத்தது அவளுடைய சொந்தச் சகோதரன். பின்னால் வந்த நியூ இன்டர்நேஷனல் பதிப்பில் இது "தேர் இஸ் அ பேட் ஓடர்" ஆகிவிட்டது.

அரைப்புள்ளியின் நண்பர் செய்த அதே திருத்தம்! பொருள் ஒன்றும் மாறவில்லை, தகவல் அப்படியே இருக்கிறது. ஆனால் முன்னதில் நாறுவது யார் என்று தெரிகிறது, அவன் நாறுகிறான். பின்னதில் அங்கே ஒரு மணம் இருக்கிறது, யாருடையது என்று இல்லை. ஸ்டிங்க், நாறு இரண்டும் வினைகள். வினைக்கு ஒரு ஆள் வேண்டும். பெயர்ச்சொல்லாக மாற்றினால் ஆள் நழுவிவிடுகிறார். புகார்க் கடிதத்தில் இது சாதாரண விஷயம் இல்லை, "தேர் இஸ் அன் ஓடர்" என்றால் பொறுப்பு யாருக்கும் இல்லை.

ஈரச்செங்கல்:
இது எனக்குப் பிடித்தது. வினை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1858 கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறியதை "தி கிரேட் ஸ்டிங்க்" என்றே வரலாறு சொல்கிறது, கிரேட் ஓடர் என்று இல்லை. நாடாளுமன்றம் ஆற்றங்கரையிலேயே இருந்தது, திரைச்சீலைகளைச் சுண்ணாம்பு குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், தாங்கவில்லை. மூன்று வருடம் முன்பே, 1855-இல், விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே படகில் போய் வெள்ளை அட்டைத் துண்டுகளை ஆற்றில் போட்டுப் பார்த்து, ஓர் அங்குலம் இறங்குவதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது என்று பத்திரிகைக்கு எழுதினார். அப்போது யாரும் அசையவில்லை. மூக்கில் ஏறிய பிறகு அந்தக் கோடைக்குள்ளேயே சட்டம் வந்தது, பொறியாளர் ஜோசஃப் பசால்ஜெட் 82 மைல் நீளத்துக்குப் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். நாற்றம்தான் நோய் என்று அன்று நம்பியதும் ஒரு காரணம். அந்த நம்பிக்கை தப்பு. காலரா தண்ணீரில் வருகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ 1854-இலேயே காட்டியிருந்தார். மலேரியா என்ற பெயரே இத்தாலிய மொழியில் கெட்ட காற்றுதான். தப்பான காரணத்துக்காகச் சரியான வேலையைச் செய்தார்கள்.

சரி, மற்ற சொற்களையும் யாராவது சொல்லிவிடுங்கள், ரீக், ராங்க், எல்லாம் குழப்புகிறது.

நாற்றங்கால்:
வேகமாகச் சொல்கிறேன். ரீக் பழைய ஆங்கிலத்தில் புகை, எடின்பரோ நகரத்துக்கு ஆல்ட் ரீக்கி என்ற செல்லப்பெயர் வந்தது அதன் புகையால். இன்று ரீக் என்றால் ஒரு பொருளில் ஊறிப்போய் அதன் வாடை குப்பென்று அடிப்பது, "ஹி ரீக்ஸ் ஆஃப் டொபாக்கோ". பின்னால் ஆஃப் போட்டு எதன் வாடை என்று சொல்வது இதற்கு வழக்கம். நம் "பீடி நெடி" அந்த இடத்தில் நன்றாக உட்காரும். ராங்க் என்பது முற்றிப்போன, வியர்வை அல்லது அழுகல் வீச்சம். ரேன்சிட் என்றால் கொழுப்பும் எண்ணெயும் கெட்ட வாடை மட்டும், நம் காறல், சிக்கு. மஸ்டி என்றால் பூட்டிக் கிடந்த அறை, பழைய துணி, மக்கிய வாடை. ஃபெட்டிட் தேங்கிய குட்டைக்கு, வாய்க்கு. லத்தீனிலிருந்து வந்தது, தாவரப் பெயர்களில் ஃபெட்டிடா என்று பார்த்தால் நாறும் செடி என்று புரிந்துகொள்ளலாம்.

எல்லோரையும் ஏமாற்றுகிற சொல் ஒன்று உண்டு, நாய்ஸம். நாய்ஸ் என்ற சத்தத்தோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, அனாய் என்பதிலிருந்து தலை உதிர்ந்து வந்தது, தொல்லை தருவது என்று பொருள், இன்று பெரும்பாலும் நாற்றத்துக்கு. ஸ்கங்க் என்ற பிராணியின் பெயரும் ஸ்டிங்க்கிலிருந்து வரவில்லை, அது அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது, ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

ஆங்கிலத்தில் இத்தனை இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். ஊசல், காறல், மக்கல், முடை, கவிச்சி, மொச்சை, நெடி, வீச்சம், புழுங்கல் வாடை, நம்மிடம் இருப்பது குறைவா? எழுதும்போது மட்டும் எல்லாவற்றையும் துர்நாற்றம் என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடிவிடுகிறோம், எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாளிதழ்களில் "துர்நாற்றத்தால் பொதுமக்கள் அவதி" என்று மாதம் ஒரு முறையாவது படிக்கிறேன், என்ன நாற்றம் என்று ஒருவர் கூட எழுதுவதில்லை.

பம்ப்ரூம்:
எழுதினால் எங்களுக்கு எந்தக் குழாயைப் பார்ப்பது என்று பாதி தெரிந்துவிடும்.

அரைப்புள்ளி:
காலையில் அந்த மூலையில் கிடந்த பலகைகளை நகர்த்திப் பார்த்தேன். தரைவடிகால் இருந்தது, வறண்டு போயிருந்தது. இரண்டு வாளி ஊற்றினேன். மாலைக்குள் முக்கால்வாசி குறைந்துவிட்டது, ஆனால் தெருப்பக்கம் இருக்கிற தொட்டி மூடியின் ஓரத்திலிருந்து இன்னும் வருகிறது, அதை நான் தொடவில்லை.

கடிதத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். முதல் வரியில், மூன்று வாரமாகப் படிக்கட்டு "ஸ்டிங்க்ஸ் ஆஃப் ராட்டன் எக்ஸ்" என்று வினையாகவே போட்டேன். இரண்டாவது வரியில் தொட்டி மூடி எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் அதிகம், வறண்ட வடிகாலில் தண்ணீர் ஊற்றிய பிறகு என்ன ஆனது என்ற விவரம், அங்கே ஓடர் என்று எழுதினேன், அந்த இடத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. மூன்றாவது வரியில் அம்மா. நண்பரிடம் மறுபடி காட்டினேன். ஸ்டிங்க்ஸைப் பார்த்து ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு "இருக்கட்டும்" என்றார். அனுப்பிவிட்டேன்.